ஈஸ்டர் சிறப்புப் பக்கம் பத்தி: எங்க விசுவாசத்தோட நடு விஷயத்தையே விட்டுட்டீங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எங்க வீட்டுல 40 வருஷமா உங்க பேப்பர்தான். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர் படிச்சு முடிச்சப்புறம்தான் என் கைக்கு வரும், இப்போ காலைல காபி போடுறதுக்கு முன்னாடியே நான்தான் பிரிக்கிறேன். கடிதம் எழுதுறது இதுதான் முதல் தடவை. நான் சொல்லச் சொல்ல பேரன் டைப் பண்றான், அதனால பேசுற மாதிரியேதான் இருக்கும், பொறுத்துக்கோங்க. நான் திருநெல்வேலி மாவட்டம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை, ஸ்கூல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ, சண்டே ஸ்கூல்லயும் 30 வருஷத்துக்கு மேல பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்திருக்கேன்.

விஷயம் என்னன்னா, ஈஸ்டருக்கு முந்தின நாள் நீங்க போட்ட சிறப்புப் பக்கம். முழுப் பக்கம் ஒதுக்கினதுக்கு முதல்ல நன்றி, தமிழ்நாட்டுல 2011 கணக்குப்படி 44 லட்சம் கிறிஸ்தவங்க இருக்கோம், எங்களைப் பத்தி அன்போட எழுதணும்னு நினைச்சிருக்கீங்க, அது தெரியுது. ஆனா படிச்சு முடிச்சப்போ எனக்கு மனசே சரியில்ல. ரெண்டு மூணு விஷயம் நேரடியாவே தப்பு. அதை விடப் பெரிசு, "கிறிஸ்தவத்தின் சாரம்: அன்பாக இரு, நல்லது செய், சொர்க்கம் கிடைக்கும்"னு கட்டம் கட்டிப் போட்டிருந்தீங்க பாருங்க, அதுதான் என்னை இப்படி உக்காந்து கடிதம் எழுத வச்சுது.

சின்னதை முதல்ல சொல்லி முடிச்சிடுறேன். மேல ஓரத்துல "புனித வெள்ளி நல்வாழ்த்துகள்"னு போட்டிருந்தீங்க. பெரிய வெள்ளி எங்களுக்கு வாழ்த்து சொல்ற நாள் இல்லைங்கய்யா. மதியம் 12 மணிலேர்ந்து 3 மணி வரைக்கும் கோயில்ல உக்காந்து சிலுவைல இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிற நாள் அது, எங்க ஊர்ல நிறைய பேர் அன்னைக்கு பச்சத் தண்ணி கூட குடிக்க மாட்டாங்க, எங்க ஆச்சி அன்னைக்கு தலை வாரிக்கக்கூட மாட்டா. வாழ்த்து ஞாயித்துக்கிழமை விடியக்காலம் சொல்லுவோம். ஒருத்தர் "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்"னு சொன்னா எதிர்ல நிக்கிறவங்க "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்"னு சொல்லணும், எங்க ஈஸ்டர் வாழ்த்து அதுதான்.

அடுத்தது, நாங்க "மூன்று தெய்வங்களை" வணங்குறதா எழுதியிருந்தீங்க. பிதா, குமாரன் (அதாவது இயேசு), பரிசுத்த ஆவின்னு நாங்க சொல்றதை வச்சு வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு அப்படித் தோணலாம், தப்பு சொல்லல. ஆனா எங்க விசுவாசப்பிரமாணம் (எதை நம்புறோம்னு ஆராதனைல சேந்து சொல்ற அறிக்கை) ஆரம்பிக்கிறதே ஒரே தேவன்ங்கிறதுலதான், யூதங்ககிட்ட இருந்து வந்த வேரு அது, அதை எந்த சபையும் விட்டுக் குடுத்தது கிடையாது. நானும் ரொம்ப வருஷம் பிள்ளைங்களுக்கு தண்ணி, ஐஸ், நீராவின்னு உதாரணம் சொல்லிக் குடுத்தேன், ஒண்ணுதான் மூணு ரூபத்துல வருதுன்னு. அப்புறம் ஒரு தடவை எங்க ஐயர் (எங்க பக்கம் சபைக் குருவானவரை ஐயர்னுதான் சொல்லுவோம்) கூப்பிட்டு, டீச்சர் இந்த விளக்கத்தை 3-ம் நூற்றாண்டுலயே சபை வேண்டாம்னு தள்ளிட்டுது, கடவுள் ஒருத்தரே வேஷம் மாத்தி மாத்தி வரார்னு ஆயிடும், அப்போ யோர்தான் ஆத்துல குமாரன் ஞானஸ்நானம் வாங்கும்போது வானத்துல இருந்து பேசினது யாருன்னு கேட்டார். எனக்கு பதில் இல்ல. அன்னையிலேர்ந்து நான் இப்படித்தான் சொல்லிக் குடுத்தேன்: வேதம் தேவன் அன்பாகவே இருக்கிறார்னு சொல்லுது, அன்புன்னா காட்டுறதுக்கு இன்னொருத்தர் வேணும், உலகத்தையும் மனுஷனையும் உண்டாக்குறதுக்கு முன்னாடியே அவருக்குள்ளயே அந்த அன்பு இருந்துச்சுன்னா பிதாவுக்கும் குமாரனுக்கும் ஆவியானவருக்கும் நடுவுல இருந்த அன்பு அது, அப்பவும் தேவன் ஒருத்தர்தான். முழுசா புரிஞ்சுடுச்சான்னு கேட்டா இல்லதான், யாருக்குமே முழுசா புரிஞ்சதா நான் கேள்விப்பட்டதில்ல. ஆனா மூணு சாமின்னு மட்டும் போடாதீங்க.

இன்னொண்ணு, நிசேயா மாநாடு. "325-ல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஓட்டெடுப்பு நடத்தி இயேசுவைக் கடவுளாக்கினார், பைபிளில் எந்தெந்த நூல் இருக்க வேண்டும் என்றும் முடிவு செய்தார்"னு இருந்துச்சு. வாட்ஸ்அப்ல சுத்துற விஷயம் இது, பேப்பர்லயும் வந்துட்டா அப்புறம் உண்மைன்னு ஆயிடும். இன்னைக்கு துருக்கில இஸ்னிக்னு சொல்ற ஊர்தான் அன்னைக்கு நிசேயா. அங்க ஆயர்கள் கூடினது நிஜம், கூப்பிட்டது கான்ஸ்டன்டைன்ங்கிறதும் நிஜம். அலெக்சாந்திரியால ஆரியுன்னு ஒரு குருவானவர், குமாரன் ரொம்ப உயர்ந்தவர்தான் ஆனா படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு காலம் இருந்துச்சுன்னு போதிச்சார், அது சரியா தப்பான்னுதான் சண்டையே. படைக்கப்பட்டவர் இல்ல, பிதாவோட ஒரே தன்மை உள்ளவர்னு மாநாடு சொல்லுச்சு. ஈஸ்டரை எந்த நாள்ல கொண்டாடுறதுங்கிறதைப் பத்தியும் பேசி முடிவு பண்ணாங்க. பைபிள் புத்தகங்களைப் பத்தி அங்க எந்த முடிவும் எடுக்கல. நாம இப்போ வச்சிருக்கிற புதிய ஏற்பாட்டு 27 புத்தகத்தையும் அப்படியே பட்டியல் போட்டது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367-ல எழுதின ஈஸ்டர் கடிதம், அதுவும் சபைகள்ல ஏற்கனவே வாசிச்சுக்கிட்டு இருந்த புத்தகங்கள்தான். கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தை அரசு மதமாக்கினார்னு வேற எழுதியிருக்கீங்க, அவர் 313-ல சுதந்திரம் குடுத்தார், அரசு மதம் ஆனது 380-ல, தியோடோசியுங்கிற பேரரசர் காலத்துல.

இதுல என் மனசைத் தொட்ட விஷயம் ஒண்ணு சொல்றேன். அந்த நிசேயா அன்னைக்கு பித்தினியாங்கிற ரோம மாகாணத்துல இருந்துச்சு. மாநாட்டுக்கு 200 வருஷத்துக்கு முன்னாடி, 112 வாக்குல, அதே பித்தினியாவுக்கு கவர்னரா இருந்த பிளினிங்கிற ரோமக்காரர், கிறிஸ்தவரும் இல்ல, கிறிஸ்தவங்களைப் பிடிச்சு விசாரிச்சு தண்டனை குடுத்தவர், தன்னோட ராஜா டிராஜானுக்கு எழுதின கடிதம் இன்னைக்கும் இருக்கு. இவங்க குறிப்பிட்ட ஒரு நாள்ல விடியறதுக்கு முன்னாடி கூடி, கிறிஸ்துவை ஒரு தெய்வமா நினைச்சு மாறி மாறிப் பாட்டு பாடுறாங்கன்னு அதுல எழுதியிருக்கார். எந்த ராஜாவும் அவங்களுக்கு சொல்லித் தரல, பாடினா உயிர் போகும்னு தெரிஞ்சும் பாடினவங்க அவங்க. நாங்க ஈஸ்டர் அன்னைக்கு விடியக்காலம் 4 மணிக்கு இருட்டோட எழுந்து கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அவங்க ஞாபகம்தான் வரும்.

சரி, இப்போ அந்தக் கட்டத்துக்கு வரேன். "நல்லது செய், சொர்க்கம் கிடைக்கும்." ஐயா, இதைச் சொல்றதுக்கு இயேசு வந்து சாக வேண்டிய அவசியமே இல்ல. நல்லது செய்யணும்னு அவருக்கு முன்னாடியும் எத்தனையோ பெரியவங்க சொல்லியிருக்காங்க, நம்ம வள்ளுவர் சொல்லியிருக்கார், அதெல்லாம் பொய்னு நான் சொல்ல வரல. ஆனா கிறிஸ்தவத்துல முதல்ல வர்றது நடந்து முடிஞ்ச ஒரு காரியத்தைப் பத்தின செய்தி. நற்செய்தின்னு அதுக்குப் பேரே வச்சிருக்கோம். நீ நல்லவனானப்புறம் உன்னைச் சேத்துக்குறேன்னு அதுல இல்ல, நீ கெட்டுப் போயிருக்கும்போதே உனக்காக ஒருத்தர் செத்தார், வா-ன்னுதான் இருக்கு. இதைத்தான் கிருபைன்னு சொல்றோம், கத்தோலிக்கங்க அருள்னு சொல்லுவாங்க. இந்த ஒரு வார்த்தை உங்க முழுப் பக்கத்துல எங்கயுமே இல்ல, நான் ரெண்டு தடவை தேடிப் பாத்துட்டேன்.

இது என்னன்னு நான் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கல, எங்க அப்பாகிட்டதான் பாத்தேன். எழுதுறேன், நீளமா இருந்தா வெட்டிக்கோங்க, ஆனா இதை மட்டும் முழுசா வெட்டிடாதீங்க.

எனக்கு அப்போ 10 வயசு இருக்கும். அப்பா எலிமெண்டரி ஸ்கூல் வாத்தியார். சித்தப்பா விவசாயம். கிணறு வெட்டணும்னு சித்தப்பா அப்பாகிட்ட 800 ரூபா கடன் வாங்கினாங்க, அன்னைக்கு அது அப்பாவோட ஆறு மாசச் சம்பளத்துக்கு மேல, அக்கா கல்யாணத்துக்குன்னு சேத்து வச்சிருந்த காசு. புரோநோட்டு எழுதி ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி கையெழுத்து போட்டு வாங்கிக்கிட்டாங்க. கிணத்துல பாறை விழுந்துடுச்சு, வேட்டு வச்சும் தண்ணி வரல, காசு போச்சு. சித்தப்பா திருப்பித் தர முடியல, முடியலன்னு வந்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்ல, எதிர்ல பாத்தா சைக்கிளைத் திருப்பிக்கிட்டு போயிடுவாங்க. பேச்சு நின்னுச்சு. ரெண்டு வீடும் ஒரே தெரு, ஒரே கோயில்.

கோயில்ல ஆராதனைல, இயேசு சொல்லிக் குடுத்த பரமண்டல ஜெபம் எல்லாரும் சத்தமா சேந்து சொல்லுவோம் இல்லையா, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்"னு ஒரு வரி வரும். எங்க பழைய தமிழ் வேதத்துல கடன்னே இருக்கு, கடனாளின்னே இருக்கு. அப்பாவுக்கு நல்ல கணீர்னு குரல், பக்கத்துல நிக்கிற எனக்கு அவங்க குரல்தான் கேக்கும். அந்த வரி வரும்போது மட்டும் குரல் நின்னுடும். அடுத்த வரில திரும்பக் கேக்கும். வாராவாரம் இப்படி. திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் வாங்குற ஆராதனை) அன்னைக்கு எல்லாரும் எழுந்து முன்னால போய் முழங்கால் போடும்போது அப்பா மட்டும் உக்காந்த இடத்துலயே இருப்பாங்க. சகோதரனோட குறை இருந்தா காணிக்கையை அங்கயே வச்சுட்டு முதல்ல போய் ஒப்புரவாகுன்னு மலைப்பிரசங்கத்துல இருக்கு, அதை மீறி கை நீட்டி வாங்க அவங்களுக்கு மனசு வரல. அம்மா அழுவா. நாலு வருஷம் இப்படியே போச்சு.

ஒரு பெரிய வெள்ளி, மூணு மணி நேர ஆராதனை. முதல் வார்த்தை, "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்." அன்னைக்கு ஐயர் இன்னது சொன்னார்னு எனக்கு நினைவில்ல, நான் பசில இருந்தேன். மறுநாள் சனிக்கிழமை காலைல அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த நோட்டை எடுத்தாங்க, என்னையும் கையப் பிடிச்சு கூட்டிக்கிட்டு சித்தப்பா வீட்டுக்குப் போனாங்க. சித்தப்பா வாசல்ல உக்காந்து மண்வெட்டிக்கு பிடி சரி பண்ணிக்கிட்டு இருந்தாங்க. அப்பா ஒண்ணும் பேசல, நோட்டைக் கிழிச்சு அவங்க கைல குடுத்துட்டு, "நாளைக்கு விடியக்காலம் ஆராதனைக்கு சேந்தே போவோம்டா"ன்னாங்க. சித்தப்பா மண்வெட்டியைக் கீழ போட்டுட்டு அழுதது இன்னும் கண்ணுல நிக்குது. மறுநாள் ஈஸ்டர், அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல முழங்கால் போட்டு ஒரே பாத்திரத்துல வாங்கினாங்க. அந்த ஜெபத்துல அந்த வரியை அன்னைக்கு அப்பா சொன்ன சத்தம் கோயில் பூரா கேட்டுச்சு.

ஆனா கதை அங்க முடியல. அந்த 800 ரூபா எங்க போச்சு? மாயமா மறைஞ்சுடல. அக்கா கல்யாணம் ரெண்டு வருஷம் தள்ளிப் போச்சு. அம்மாவோட வளையல் அடகுக்குப் போச்சு. சித்தப்பா கட்ட வேண்டியதை எங்க அப்பா கட்டினாங்க, அவ்வளவுதான். மன்னிப்பு வாங்குறவனுக்கு இலவசம், குடுக்குறவனுக்கு இலவசம் இல்ல, அந்த நஷ்டம் முழுக்க அவன் தலைலதான் விழும்.

நான் பெரியவளாகி சண்டே ஸ்கூல் எடுக்க ஆரம்பிச்சப்புறம், சிலுவையைப் பத்தி பிள்ளைங்க கேக்கும், "டீச்சர், கடவுளுக்கு மன்னிக்கணும்னா சும்மா மன்னிச்சுட வேண்டியதுதானே, எதுக்கு சாகணும்?" நான் இந்த நோட்டுக் கதையைத்தான் சொல்லுவேன். சும்மா மன்னிக்கிறதுன்னு ஒண்ணு இல்ல. மனுஷன் பட்ட கடனைத் தேவன் தன்னோட கணக்குலயே எழுதிக்கிட்டார், அதோட நஷ்டத்தை அவரே சுமந்தார், சிலுவைல தொங்கினது கோபக்காரக் கடவுளுக்குப் பலியா பிடிச்சுக் குடுத்த யாரோ மூணாவது ஆள் இல்ல, தேவனே மனுஷனா வந்து தொங்கினார். நிசேயால அத்தனை சண்டை போட்டு குமாரன் பிதாவோட ஒரே தன்மை உள்ளவர்னு ஏன் சொன்னாங்கன்னு எனக்கு இங்கதான் புரிஞ்சுது. அவர் படைக்கப்பட்ட ஒருத்தர்தான்னா, கடன் குடுத்தவர் வேற யாரோ ஒருத்தரைப் பிடிச்சு கட்ட வச்ச மாதிரி ஆயிடும், அது எப்படி மன்னிப்பாகும்?

இயேசுவே இதைக் கணக்கு போட்டு சொன்ன உவமை மத்தேயு 18-ல இருக்கு. ஒரு ராஜாகிட்ட ஒரு ஊழியக்காரன் பதினாயிரம் தாலந்து கடன். ஒரு தாலந்துன்னா கிட்டத்தட்ட 6000 நாள் கூலி, அப்போ மொத்தம் 6 கோடி நாள் கூலி, வருஷம் பூரா லீவே இல்லாம வேலை பாத்தாலும் 1,60,000 வருஷத்துக்கு மேல ஆகும் கட்டி முடிக்க. அவன் கால்ல விழுந்து, பொறுத்துக்கோங்க எல்லாத்தையும் கட்டிடுறேன்ங்கிறான். முடியாதுன்னு ராஜாவுக்குத் தெரியும், முழுசா தள்ளி விட்டுடுறார். அவன் வெளில வந்து தனக்கு 100 வெள்ளிக்காசு, அதாவது 100 நாள் கூலி, தர வேண்டியவன் கழுத்தைப் பிடிக்கிறான். 100 நாள் கூலியும் ஒண்ணும் சின்னக் காசு இல்ல பாருங்க, எங்க அப்பாவோட 800 ரூபா மாதிரி, வலிக்கிற காசுதான். ஆனா தனக்குத் தள்ளினதோட அதை வச்சுப் பாக்கணும். கிறிஸ்தவன் அன்பா இருக்கணும், மன்னிக்கணும்ங்கிறது எல்லாம் இதுக்கு அப்புறம் வர்றது. சொர்க்கத்துக்கு டிக்கெட் வாங்குறதுக்காக செய்ற நல்லது இல்ல, டிக்கெட்டு ஏற்கனவே இன்னொருத்தர் எடுத்துட்டார்னு தெரிஞ்ச நன்றில வர்றது.

அப்போ நல்லது செய்ய வேண்டாமான்னு கேப்பீங்க. வேதத்துல யாக்கோபு எழுதின நிருபத்துல செமத்தியா அடி குடுத்திருக்கு, கிரியை (செயல்) இல்லாத விசுவாசம் செத்ததுன்னு. நீங்க அந்தப் பக்கத்துல ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பத்தியெல்லாம் நல்லாவே எழுதியிருந்தீங்க. பாளையங்கோட்டைல 1890கள்லயே கண் தெரியாத பிள்ளைங்களுக்கும் காது கேக்காத பிள்ளைங்களுக்கும் பள்ளிக்கூடம் ஆரம்பிச்ச மிஷனரி அம்மாமார், 1900-ல வேலூர்ல ஒரே ஒரு பெட் போட்டு ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா, இவங்கெல்லாம் சொர்க்கத்துல இடம் பிடிக்கவா வந்தாங்க? அவங்ககிட்டயே கேட்டிருந்தா, எங்களுக்குக் கிடைச்சதை நாங்க குடுக்குறோம்னுதான் சொல்லியிருப்பாங்கன்னு நான் நம்புறேன். சேவை பழம். நீங்க பழத்தைப் படம் பிடிச்சுப் போட்டுட்டு மரத்தை விட்டுட்டீங்க.

உயிர்த்தெழுதலைப் பத்தி, ஈஸ்டர் பக்கத்துல, "இயேசுவின் நினைவு சீடர்களின் உள்ளத்தில் உயிர்பெற்றது"ன்னு ஒரு வரி. அழகா இருக்கு, ஆனா நாங்க சொல்றது அது இல்ல. கல்லறை காலியா இருந்துச்சு, சரீரத்தோட எழுந்தார், மீன் சாப்பிட்டார், தோமாவுக்குக் காயத்தைக் காட்டினார். நீங்க நம்பணும்னு நான் சொல்லல, ஆனா நாங்க எதை நம்புறோம்னு எழுதும்போது அதை அப்படியே எழுதணும் இல்லையா. அப்போஸ்தலர் பவுலே சொல்றார், கிறிஸ்து எழுந்திருக்கலைன்னா எங்க பிரசங்கமும் வீண், உங்க விசுவாசமும் வீண்னு, ஒளிச்சு மறைச்சு பேசல. முதல்ல பாத்தவங்க பொம்பளைங்க, மகதலேனா மரியாளும் மத்தவங்களும். அந்தக் காலத்துல பொம்பளை சாட்சிக்கு பெருசா மதிப்பு இல்ல, அவங்க ஓடி வந்து சொன்னப்போ சீஷர்களே வெறும் பேச்சுன்னு நம்பலைன்னு லூக்கா எழுதி வச்சிருக்கார். கதை கட்டுறவங்களா இருந்தா இப்படி கட்டியிருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தோணும். விசுவாசப்பிரமாணத்துல பொந்தியு பிலாத்துவின் காலத்தில்னு ஒரு கவர்னர் பேரை ஞாயித்துக்கிழமை தவறாம சொல்றோம், மரியாளையும் அந்தாளையும் தவிர வேற எந்த மனுஷன் பேரும் அதுல கிடையாது. எதுக்குன்னா இது ஒரு நாட்டுல, ஒரு ஆட்சில, ஒரு தேதில நடந்ததுன்னு சொல்றதுக்குத்தான். அந்தப் பிலாத்து பேர் செதுக்கின கல்லே 1961-ல இஸ்ரேல்ல இருக்கிற செசரியால கிடைச்சிருக்கு.

இப்போ சொல்லப் போறது உங்க மேல குறை இல்ல, எங்க மேல. உங்க பக்கத்துல "கிறிஸ்தவத்தில் சாதி இல்லை"ன்னு ஒரு தலைப்பு இருந்துச்சு. போதனைல இல்லதான். யூதன் கிரேக்கன், அடிமை சுதந்திரன், ஆண் பெண் எல்லாம் கிறிஸ்துவுக்குள்ள ஒண்ணுன்னு பவுல் கலாத்தியருக்கு எழுதின நிருபத்துல தெளிவா இருக்கு. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தல் கட்டினவனுக்கு கால்கிட்ட இடமும் குடுக்குறீங்களேன்னு யாக்கோபு சபையைப் பாத்தே கேக்குறார். ஆனா நம்ம ஊர்ல நடக்குறதை மறைச்சு எழுதாதீங்க ஐயா. 1833-லயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி பாக்குறதை உடனே அடியோட விடணும்னு கடிதம் எழுதினார், அதுக்காகவே சபையை விட்டுப் போனவங்க எத்தனை பேர். எங்க மாவட்டத்துலயே வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயில்ல ரெண்டு சாதிக்கு நடுவுல தடுப்பு இருந்துச்சு, கோயிலையே பேன்ட்டோட ரெண்டு கால் மாதிரி பிரிச்சுக் கட்டினாங்க, 1910-ல சாமியார் அந்தத் தடுப்பை இடிச்சப்போ கேஸ் மெட்ராஸ் ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. கத்தோலிக்கம் புரோட்டஸ்டன்ட்னு இதுல வித்தியாசம் இல்ல, யாரும் யாரையும் கை காட்ட முடியாது.

என் உறவுக்காரங்க இருக்கிற ஒரு ஊர்ல, பேர் வேண்டாம், ஒரே சபைக்கு ரெண்டு கல்லறைத் தோட்டம் இருக்கு. ஏன்னு கேட்டா, ஆதிலேர்ந்து அப்படித்தான்ங்கிறாங்க. அசனப் பண்டிகைக்கு ஒரே பந்தில உக்காந்து சாப்பிடுறாங்க, அது எங்க பக்கத்து நல்ல வழக்கம், பெரிய பெரிய வட்டால சோறு வடிச்சு ஊரே உக்காரும், ஆனா செத்தா மட்டும் தனித்தனி. ஞாயித்துக்கிழமை அதே ஆளுங்கதான் "பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும், பாவமன்னிப்பும், சரீரம் உயிர்த்தெழுதலும்" உண்டுன்னு விசுவாசிக்கிறேன்னு நின்னுக்கிட்டு சத்தமா சொல்றாங்க. எந்தச் சரீரம் எழுந்திருக்கும்? நடுவுல வேலி போட்டா எழுந்திருக்கும்? நான் அங்க ஒரு துக்கத்துக்குப் போனப்போ இதைப் பெரியவர் ஒருத்தர்கிட்ட கேட்டேன், அவர் பேச்சை மாத்திட்டார். 6 கோடி நாள் கூலியைத் தள்ளுபடி வாங்கினவன் இன்னொரு தள்ளுபடி வாங்கினவனைப் பாத்து நான் உசத்தின்னா, எந்தக் கணக்கை வச்சு உசத்தி? சாதி பாக்குறது ஏதோ பழைய கெட்ட பழக்கம், மெல்ல போயிடும்னு எங்க ஆளுங்க சமாதானம் சொல்லுவாங்க. அப்படி இல்ல, அது கிருபையையே இல்லைன்னு சொல்றது, சிலுவையையே வேண்டாம்னு சொல்றது. இதை எங்க பிரசங்க மேடைல நிறைய கேக்கணும்னு எனக்கு ஆசை, கம்மியாத்தான் கேக்குறேன், அதனால உங்க பேப்பர்ல எழுதுறேன்.

கத்தோலிக்கம், புரோட்டஸ்டன்ட் வித்தியாசத்துக்கு நீங்க கால் பக்கம் ஒதுக்கியிருந்தீங்க, அதுக்கு இவ்வளவு இடம் தேவை இல்ல. 1517-ல ஜெர்மனில மார்ட்டின் லூத்தர் கிளப்பின, புரோட்டஸ்டன்ட் சபைகள் பிரியக் காரணமான சண்டையோட மையமே இந்தக் கிருபைதான், அதைப் பத்தி லுத்தரன் சபைகளும் ரோமும் 1999-ல ஒரே அறிக்கைல கையெழுத்து போட்டாச்சு, கிருபையினாலதான் மீட்புன்னு ரெண்டு பேரும் சேந்து சொல்றாங்க. மத்த வித்தியாசம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. எங்க பக்கத்து வீடு கத்தோலிக்க குடும்பம், அவங்க திருமுழுக்குன்னு சொல்றதை நாங்க ஞானஸ்நானம்ங்கிறோம், அவங்க 1995-ல வந்த திருவிவிலியத்துல வாசிக்கிறாங்க, நான் பழைய மொழிபெயர்ப்பை விட மாட்டேன், அந்தக் கடன்ங்கிற வார்த்தைக்காகவே விட மாட்டேன்.

என்னோட வேண்டுகோள் இதுதான். மூன்று தெய்வம், நிசேயா ஓட்டெடுப்பு, இந்த ரெண்டுக்கும் ஒரு திருத்தம் போடுங்க, நாலு வரி போதும். அடுத்த வருஷம் பக்கம் தயார் பண்ணும்போது ஒரு குருவானவரையோ, ஊர்ல வருஷக்கணக்கா சண்டே ஸ்கூல் எடுக்குற யாரையோ ஒரு தடவை கேட்டுட்டுப் போடுங்க, சந்தோஷமா சொல்லுவாங்க. அந்தக் கட்டத்துல என்ன போடுறதுன்னு தெரியலைன்னா, பரமண்டல ஜெபத்துல இருந்து எங்க அப்பா நாலு வருஷம் சொல்ல முடியாம நின்ன அந்த ஒரு வரியைப் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
திருநெல்வேலி மாவட்டம்.